பாடம் வந்தது, ஆசிரியர் வரவில்லை: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பின் வரலாறு

ஒரு பட்டப்படிப்பின் பாடங்கள் மாணவரின் வீடு தேடி வருவதும், அப்பாடங்களில் ஐயம் எழும்போது அதைத் தீர்த்துவைக்கும் ஒருவர் அவருக்கு எட்டும் தொலைவில் இருப்பதும் வெவ்வேறான இரண்டு ஏற்பாடுகளாகும். தமிழ்நாட்டில் முதல் ஏற்பாடு 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோதே உருப்பெற்றுவிட்டது. இரண்டாவது ஏற்பாடு அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் முழுமை பெறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் தொடக்கம் முதலே இருந்துவருபவை. எல்லைக்குள் இருந்தும் அதன் வகுப்பறைகளுக்கு 75 முதல் 85 கிலோமீட்டர் வரை விலகியிருப்பவை. பயிற்றுநர் துணை, அதாவது தனித்துப் படிக்கும் மாணவரின் ஐயங்களைக் களைந்து, அவர் எழுதிய விடைகளைத் திருத்திக் கொடுத்து, படிப்பைப் பாதியில் கைவிடாமல் காக்கும் ஆசிரியரின் துணை, எப்படிக் கருதப்பட்டது, எங்கே விடுபட்டது என்பதை ஆராய இந்த இரண்டு ஊர்களும் பொருத்தமான களமாகின்றன.

நூலைத் தனியே படித்தால் போதாது, அறிந்தவர் ஒருவரிடம் கேட்டே தெளிய வேண்டும் என்னும் எண்ணம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஸ்ரீவில்லிபுத்தூரில் வைணவ நூல்களின் உரைகள் ஆசாரியர் முன்னிலையில் காலட்சேபமாகக் கேட்கப்பட்டவை. ஏடு கையில் இருந்தாலும் பொருள் ஆசாரியரின் வாய்வழியாகவே வந்தது. அந்த மரபு ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றது, அதற்குள் நுழையப் பிறப்பின் தடைகளும் இருந்தன என்பது மறுக்க முடியாதது. எனினும் கற்பித்தல் என்பது நூலும் ஆளும் சேர்ந்தது என்ற புரிதல் அதில் இருந்தது. பின்னாளில் வந்த நவீன ஏற்பாடுகள் பலவற்றில் அப்புரிதல் மங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தில் பொதுப்படிப்புக்கான வசதிகள் மெல்ல உருவாயின. திருநெல்வேலி மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரைத் தாங்கி 1875இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுந்த பொதுநூலகம் தமிழ்நாட்டின் மிகப் பழைய பொதுநூலகங்களுள் ஒன்று. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1910இல் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985இல் அதிலிருந்து பிரிந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆட்சித் தலைமையிடங்கள் மாறியபோதும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நிலைகொண்டதால், வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் அரசு அலுவலர்களும் நிறைந்த, எழுத்தறிவுக்கு வேலை மதிப்புள்ள ஊராக அது வளர்ந்தது. இராஜபாளையத்தின் வளர்ச்சி வேறு வழியில் நடந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் தொடங்கி அங்கே நூற்பாலைகள் பெருகின. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய சுற்றூர்களில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு பரவியது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா உருவாக்கிய காந்தி கலை மன்றம் அவ்வூரின் வாசிப்புக்கும் கலைக்கும் ஓர் இடம் தந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்டு கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கி 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்ற மு.கு. ஜகந்நாத ராஜா இராஜபாளையத்துக்காரர் என்பது, ஆலைத்தொழில் மிகுந்த அவ்வூரில் பன்மொழிப் புலமையும் வேரூன்றியிருந்ததைக் காட்டும். ஆக, படிக்கும் ஆர்வமோ நூல்களோ இங்கே குறைவாக இருக்கவில்லை. பட்டம் தரும் வகுப்பறைதான் தொலைவில் இருந்தது.

அந்தத் தொலைவைக் கடக்க அஞ்சல்வழிக் கல்விக்கு முன்னர் இருந்த ஒரே வழி, கல்லூரியில் சேராமல் தேர்வை மட்டும் எழுதுவதாகும். இதன் மூலத்தை 1858ஆம் ஆண்டின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் காணலாம். இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவ்வாண்டு அப்பல்கலைக்கழகம் நீக்கியதால், எந்த ஊரில் எப்படிப் படித்தவரும் அதன் தேர்வை எழுதிப் பட்டம் பெற முடிந்தது. இலங்கைத் தமிழரிடையே இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்றிருந்த செல்வாக்கு இதன் விளைவே. ஆனால் இலண்டன் தேர்வு நடத்தியதேயன்றி, தொலைவில் இருந்தோருக்குக் கற்பிக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே வில்லியம் பிரிக்ஸ் 1887இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்லூரி போன்ற தனியார் நிறுவனங்கள் எழுந்தன. பட்டம் தருபவர் ஒருவர், கற்பித்துத் தருபவர் வேறொருவர், இருவருக்கும் இடையே யாதொரு பொறுப்புறவும் இல்லை என்னும் அமைப்பு அப்போதே தோன்றிவிட்டது. இந்த அமைப்பைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் டுட்டோரியல் கல்லூரிகளில் மீண்டும் காண நேரும்.

தமிழுக்கு இதில் தனியொரு வழி இருந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வும் தனித்துப் படித்தோர் பலருக்குத் தமிழாசிரியர் பணிக்கான வாயிலாயிற்று. இத்தேர்வுகளுக்கு ஆயத்தமானவர்கள் தத்தம் ஊரிலோ அருகிலோ இருந்த புலவர் ஒருவரை நாடி இலக்கணமும் இலக்கியமும் கற்றனர். இந்த ஏற்பாட்டில் பாடத்திட்டம் மதுரையிலும் சென்னையிலும் வகுக்கப்பட்டது. பயிற்றுநரோ மாணவருக்கு நடந்து செல்லும் தொலைவில் இருந்தார். பிற்காலத்துப் பட்டப்படிப்புகள் இந்தச் சமநிலையை எட்டவேயில்லை என்று துணிந்து கூறலாம். பொருளியலுக்கும் வணிகவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஊர்தோறும் புலவர் இல்லை என்பதே அதற்கு முதன்மைக் காரணம்.

அஞ்சல்வழியாகவே கற்பிப்பது என்னும் முறை பிறந்த கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதன் உயிர்நிலை எது என்பதில் பின்னாளில் ஒரு மாறாட்டம் நேர்ந்தது. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை வந்த அதே ஆண்டில், ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். அது திருத்தப்பட்டு அவருக்கே திரும்பிவரும். விதிகள் அச்சிட்ட தாளாகவும் கிடைத்தன, எவரும் வாங்கிப் படித்திருக்கலாம். திருத்தம்தான் அம்முறைக்குப் புதுமை தந்தது. தொலைவில் உள்ள ஆசிரியரின் கண் மாணவரின் எழுத்தின்மேல் விழுந்து, பிழை சுட்டப்பட்டு, அது மாணவரை மீண்டும் வந்தடையும்போதே அஞ்சல் என்பது கல்வியாகிறது. போவதும் வருவதுமாகிய இந்த இருவழி ஓட்டத்தில் வருவது மட்டும் நின்றுபோனால், எஞ்சுவது நூல் விநியோகமே.

இந்தியாவில் பட்டப்படிப்பை இம்முறையில் முதலில் நடத்தியது தில்லிப் பல்கலைக்கழகம். டி.எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1962இல் அங்கு அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. அச்சிட்ட பாடங்களோடு மாணவர்கள் எழுதி அனுப்ப வேண்டிய விடைத்தாள்களும், அவ்வப்போது ஆசிரியர்களை நேரில் சந்திக்கும் தொடர்பு வகுப்புகளும் அதன் திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தன. 1964 முதல் 1966 வரை அதே கோத்தாரியின் தலைமையில் செயல்பட்ட கல்விக்குழு, உயர்கல்வி பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை அஞ்சல்வழிப் படிப்புகளும் மாலைக் கல்லூரிகளும் ஏற்கும் நிலை வர வேண்டும் என்று கருதியதோடு, அஞ்சல்வழி மாணவர்கள் ஆசிரியர்களை அவ்வப்போது சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. இவ்விரு கருத்துகளுள் முன்னது எண்ணிக்கையைப் பற்றியது, பின்னது தரத்தைப் பற்றியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் முன்னதையே ஆர்வத்தோடு பற்றிக்கொண்டன.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கப்பட்டது. 1978இல் காமராசர் பெயரை ஏற்றது. அதன் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1971இல் பிறந்தபோது தமிழ்நாட்டில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய அமைப்பு இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும்தான் அவ்வழியில் இறங்கின. இராஜபாளையத்தைப் பொறுத்தவரை இந்தக் கால வரிசை கவனத்துக்குரியது. விருதுநகரில் 1947 முதலும் சிவகாசியில் 1963 முதலும் கலைக் கல்லூரிகள் இருந்தன என்றாலும், இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973இல்தான் தோன்றியது. அதாவது, அக்கல்லூரியின் வகுப்பறைகள் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அஞ்சல்காரர் கொண்டுவரும் கட்டின் வடிவில் பட்டப்படிப்பு ஊருக்குள் நுழைய வழி பிறந்துவிட்டது.

அந்தக் கட்டில் இருந்தவை பாடங்கள். தமிழ்வழியில் பட்டப்படிப்பு என்பதே அக்காலத்தில் இளம் பருவத்தில் இருந்தது. கோவை அரசுக் கலைக் கல்லூரியில் 1960இல் சோதனை முறையில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு தொடங்கி ஒரு பத்தாண்டே கடந்திருந்ததால், பொருளியலிலும் வரலாற்றிலும் தமிழில் எழுதப்பட்ட பட்டநிலை நூல்கள் மிகச் சிலவாகவே இருந்தன. எனவே அஞ்சல்வழிப் பாடங்கள், தமிழில் படிக்க விரும்பிய பலருக்குப் பாடநூலாகவும் அமைந்தன. இது சிறு பணியன்று. சிற்றூரில் இருந்த ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியர், தம் துறையின் நூல் எதையும் நூலகத்தில் காண முடியாத நிலையில், கைக்கு வந்த அந்தத் தாள்களைக் கொண்டே ஒரு பட்டத்தை எட்டியிருக்கிறார் என்றால், அத்தாள்களை எழுதியவர்களுக்கு நன்றி கூறியே ஆக வேண்டும். ஆயினும் எழுதப்பட்ட பாடம், படிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அறியாது. ஒரு தேற்றத்தின் மூன்றாம் படியில் ஒருவர் நின்றுவிட்டால், அதே படியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர அவருக்கு அது வேறு வழி காட்டாது.

தடுமாறியவர்களுக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது தொடர்பு வகுப்பு. ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் மாணவர்களை ஓரிடத்தில் திரட்டி, பாடத்தின் முக்கியப் பகுதிகளை விரைந்து நடத்திக் காட்டும் வகுப்பு அது. பல்கலைக்கழக வளாகம் மதுரைக்கு மேற்கே தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி அமைந்திருப்பதால், இராஜபாளையத்தில் பேருந்து ஏறும் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் மேற்கே செல்ல வேண்டும். பாடம் நடக்கும் நேரத்துக்கு இணையான நேரம் பேருந்தில் கழியும். 1927இல் விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே திறக்கப்பட்ட இரயில் பாதை இவ்விரு ஊர்களையும் தொட்டுச் சென்றாலும், குறித்த நேரத்துக்கு வகுப்புக்குச் செல்பவருக்கு அதைவிடப் பேருந்தே உதவியது. பெருங்கூட்டத்தில் ஓர் ஆசிரியர் நாளொன்றுக்குப் பல பாடங்களைக் கடந்து செல்லும் இவ்வகுப்புகளில், தம் ஐயத்தை எழுந்து கேட்கும் துணிவும் நேரமும் வாய்த்தவர்கள் சிலரே.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிறது. மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய அதே 1971ஆம் ஆண்டின் ஜனவரியில், பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சுமார் 24,000 மாணவர்களோடு தன் முதல் பாடங்களைத் தொடங்கியது. முன்தகுதி கேட்காமல் எவரையும் சேர்த்துக்கொள்வதால் திறந்தநிலை என்று பெயர் பெற்ற அப்பல்கலைக்கழகம் தொலைக்காட்சியாலும் வானொலியாலும் புகழடைந்தது; எனினும் அதை நிலைநிறுத்தியது அதன் பயிற்றுநர் அமைப்பே. மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் அருகிலுள்ள ஒரு பகுதிநேர ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் எழுதி அனுப்பிய ஒப்படைவுகளை, அதாவது மதிப்பெண்ணுக்காக வீட்டில் எழுதும் கட்டுரை விடைகளை, அவரே படித்து விரிவான குறிப்புகளோடு திருப்பினார். சேர்ந்தது முதல் பட்டம் பெறும்வரை மாணவரின் நலனைக் கவனிப்பதும் அந்த அமைப்பின் பொறுப்பாக இருந்தது. அங்கு பணியாற்றிய டேவிட் சீவர்ட் 1978இல் எழுதிய ஆய்வுரையில், எவ்வளவு சிறந்த பாடத்தொகுப்பும் ஆசிரியரின் எல்லாப் பணிகளையும் செய்துவிட முடியாது, தொகுப்புக்கும் மாணவருக்கும் நடுவே தொடர்ந்து அக்கறை காட்டும் ஒருவர் வேண்டும் என்று வாதிட்டார். நல்ல பாடம் என்பது ஆசிரியர் மாணவரோடு உரையாடுவது போல எழுதப்பட வேண்டும் என்று கூறிவந்த சுவீடன் நாட்டுக் கல்வியாளர் ஹோல்ம்பெர்க்கின் கருத்துக்கு இது மறுப்பன்று. அச்சில் அமைந்த உரையாடல் எங்கே நின்றுவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டியதே அதன் சிறப்பு.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு முயற்சிகளில் ஒன்றுக்குப் பயிற்றுநர் அடித்தளமாகவும் மற்றொன்றுக்கு ஆண்டுக்குச் சில நாள் விருந்தினராகவும் அமைந்ததற்கு, செல்வ நாடு, ஏழை நாடு என்னும் வேறுபாட்டை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. ஜெர்மானியக் கல்வியாளர் ஓட்டோ பீட்டர்ஸ் 1967இல் முன்வைத்த ஒரு கருத்து இதற்கு ஆழமான விளக்கம் தருகிறது. தொலைநிலைக் கல்வி என்பது கற்பித்தலின் தொழிற்சாலை வடிவம் என்றார் அவர். நூற்பாலையில் பஞ்சைச் சுத்தம் செய்வது, சீவுவது, நூற்பது, கோனில் சுற்றுவது எனப் பணிகள் தனித்தனிப் பிரிவுகளாக அமைவதைப் போல, இங்கே பாடம் எழுதுபவர், அச்சிடுபவர், அனுப்புபவர், விடை திருத்துபவர் என ஆசிரியப் பணி துண்டு துண்டாகிறது. இராஜபாளையம் போன்ற ஆலை நகரத்தாருக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. முதல் பிரதியை உருவாக்க ஆகும் செலவு பெரிது. அதன்பின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு சிறிது. ஆயிரம் பேருக்கு எழுதிய பாடத்தைப் பத்தாயிரம் பேருக்கு அனுப்பினால் கட்டண வருவாய் பத்து மடங்காகும். செலவு அவ்வாறு உயராது. பயிற்றுநரின் கணக்கோ வேறு. இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்றால், மாணவர் பத்து மடங்கானால் பயிற்றுநரும் பத்து மடங்காக வேண்டும். மானியம் சுருங்கிய பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழிக் கல்வியின் வருவாயைக் கொண்டு தம் பிற செலவுகளை ஈடுகட்டத் தொடங்கிய நிலையில், பெருக்கினால் இலாபம் தரும் பாடத்தைப் பெருக்கிவிட்டுப் பெருக்கினால் செலவு வைக்கும் பயிற்றுநரைச் சுருக்கியது எதிர்பாராத விளைவன்று. அது கணக்கின் விளைவு. ஆனால் அந்தக் கணக்கின் சுமையைத் தாங்கியவர் மாணவர்.

அவர்கள் யார் என்பதையும் நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் அஞ்சல்வழிப் பட்டத்தை நாடியவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் பெரும் பிரிவினர். உயர் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வும் பதவி உயர்வும் கிடைக்கும் என்ற அரசு விதி அவர்களைத் தொடர்ந்து படிக்கத் தூண்டியது. அரசு அலுவலக எழுத்தர்கள், நீதிமன்றப் பணியாளர்கள், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்கள், குடும்ப நிலையால் ஆலை வேலைக்குச் சென்ற இளைஞர்கள் எனப் பிறரும் சேர்ந்தனர். இவர்களுள் ஆலைத் தொழிலாளியின் நிலை தனித்தது. எட்டு மணி நேர ஷிப்டு வாரந்தோறும் மாறுவதால் ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் வேலை செய்ய வேண்டிய ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பது பெரும்பாலும் எட்டாத ஏற்பாடாகவே இருக்கும்; அவருடைய வார விடுமுறை ஞாயிறாக அமைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அலுவலர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட கால அட்டவணை, உடலுழைப்பாளரைக் கணக்கில் எடுக்கவில்லை. உயர்கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக என்று கூறித் தொடங்கிய ஒரு முறைக்கு இது பெருங்குறை.

விடுபட்ட இடத்தை ஊர் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. பள்ளி இறுதித் தேர்வில் தவறியவர்களுக்காகத் தமிழ்நாட்டு நகரங்களில் பல்கியிருந்த டுட்டோரியல் கல்லூரிகள், அஞ்சல்வழி மாணவருக்கும் மாலையிலும் விடுமுறையிலும் வகுப்பெடுத்தன. வேலை தேடிக்கொண்டிருந்த முதுகலைப் பட்டதாரிகள் அவற்றில் ஆசிரியராயினர். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொகுத்து விடையெழுதிய கைடுகள் விற்பனைக்கு வந்தன. ஒரே பாடம் எடுத்த நான்கைந்து பேர் கூடிப் படித்த குழுக்கள், முந்தைய அணியில் தேறியவர் அடுத்தவருக்குக் கொடுத்த நோட்ஸ், உயர்நிலைப்பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் தெரிந்தவர் என்ற முறையில் செய்த உதவி ஆகியவை எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாதவை. ஆனால் பலர் பட்டம் பெற்றது இவற்றின் துணையால்தான். பிரிக்ஸின் காலத்து இங்கிலாந்தில் நிகழ்ந்தது போலவே, பட்டம் தந்த நிறுவனம் ஒன்று, கற்பித்தவர் வேறு என்றானது. இதில் கற்பித்தவருக்குப் பாடத்திட்டத்தின் மேலோ தேர்வின் மேலோ குரல் இல்லை. எனவே அவர் தேர்வில் தேறவைக்கும் வழியையே கற்பித்தார். பாடத்தின்பால் ஆர்வம் ஊட்டுவது அவருடைய பொறுப்பாக இல்லை. அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள் ஏற்காத இடத்தில், அவர் தம்மால் இயன்றதைச் செய்தார்.

பயிற்றுநருக்கு முறையான பெயரும் ஊதியமும் தந்த மாற்றம் 1980களில் ஐதராபாத்திலிருந்து வந்தது. 1982இல் ஜி. ராம் ரெட்டியின் தலைமையில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாநிலமெங்கும் இருந்த கல்லூரிகளிலேயே கல்வி மையங்களை அமைத்தது. அவரையே முதல் துணைவேந்தராகக் கொண்டு 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அம்முறையை நாடு முழுவதும் விரித்தது. மையமாக இயங்கும் கல்லூரியின் ஆசிரியர்களே விடுமுறை நாட்களில் கல்வி ஆலோசகர்களாகப் பணியாற்றுவர்; மாணவர் எழுதும் ஒப்படைவுகளுக்கு மொத்த மதிப்பெண்ணில் பொதுவாக 30 விழுக்காடு ஒதுக்கப்படும்; திருத்திய தாள் குறிப்புகளோடு மாணவரிடம் திரும்ப வேண்டும். பிட்மன் 1840இல் செய்த இருவழி ஓட்டத்துக்குத் தேர்வு விதியிலேயே இடம் கிடைத்தது என்பதால் இம்மாற்றம் பெரிது. தமிழ்நாடும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனக்கெனத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சென்னையில் அமைத்து, தமிழ்வழிப் பாடநூல்களோடும் கற்போர் உதவி மையங்களோடும் இதே பாதையில் சென்றது.

நடைமுறையில் அந்த 30 விழுக்காடு பெரும்பாலான இடங்களில் சடங்காகிவிட்டது. ஒப்படைவு என்பது விடைகளைப் பார்த்து எழுதிக் கடைசி நாளில் ஒப்படைப்பதாக மாறியது. திருத்துபவரோ ஒரு தாளுக்கு இவ்வளவு என்னும் சிறு தொகைக்குக் கட்டுக்கட்டாகத் திருத்த வேண்டியவராதலால், குறிப்பெழுத அவருக்கு நேரமில்லை. ஆலோசனை வகுப்புக்கான ஊதியமும் அமர்வுக் கணக்கில் வழங்கப்படுவதே வழக்கம். வகுப்புக்கு வராமல் போன மாணவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது எவருடைய பணியாகவும் இந்த ஏற்பாட்டில் அமையவில்லை. சீவர்ட் வலியுறுத்திய தொடர்ந்த அக்கறை என்பது இந்த விசாரிப்புதான்.

இதே காலத்தில் கல்வி மையங்களின் பெருக்கம் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தது. பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்கு வெகு தொலைவிலும் தனியார் வழியே மையங்களைத் திறக்க அனுமதித்தன. சேர்க்கைக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் இயங்கிய அத்தகைய மையங்கள் பலவற்றில் விண்ணப்பம் வாங்குவதே முதன்மைப் பணியாயிற்று. தொலைநிலைக் கல்வியை மேற்பார்த்த மன்றம் கலைக்கப்பட்டு, 2013இல் அப்பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு வந்தது. ஆட்சி எல்லைக்கு அப்பால் மையம் நடத்துவதற்கும், மையத்தைத் தனியாருக்குக் குத்தகை போல விடுவதற்கும் அக்குழு தடை விதித்தது. 2017, 2020ஆம் ஆண்டுகளின் ஒழுங்குமுறைகள் கற்போர் உதவி மையம் எத்தகைய கல்வி நிறுவனத்தில் இயங்கலாம், ஆலோசகருக்கு என்ன தகுதி வேண்டும் என்பவற்றை வரையறுத்தன. முறைகேட்டைக் களைய இவை தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மையங்கள் குறையக் குறைய, சிற்றூர் மாணவருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான கிலோமீட்டர்கள் கூடும் என்பதை விதி வகுத்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

2020இல் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியபோது, ஆலோசனை வகுப்புகள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தன. பாடநூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பேராசிரியர்களின் காணொளிகளை இரவு ஷிப்டு முடித்தவரும் தமக்கு வாய்த்த நேரத்தில் பார்க்கலாம். ஆலைத் தொழிலாளியின் நேரச் சிக்கலுக்கு வேறெந்த ஏற்பாடும் தராத விடையை இது தந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் காணொளியும் பழைய பாடக்கட்டின் இனத்தைச் சேர்ந்ததே. மாணவரின் விடைத்தாளை அது படிப்பதில்லை. வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுப்பும் ஐயத்துக்கு முன்னரே தேறிய மற்றொருவர் விளக்கம் தருவதில், பழைய டுட்டோரியல் காலத்து உதவி புது வடிவில் தொடர்கிறது. இதற்கும் ஊதியமில்லை, ஏட்டில் இடமுமில்லை.

1971இல் இந்த அளவுக்கு இல்லாத ஒன்று இன்று இவ்வட்டாரத்தில் உண்டு. இராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரியும் ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர்ப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனம் இருக்கிறது. இவற்றிலும் சுற்றியுள்ள பள்ளிகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், முதுகலை முடித்து வீட்டில் இருக்கும் பெண்களும் எல்லாப் பாடங்களிலும் கிடைப்பார்கள். அன்று வித்துவான் தேர்வுக்குத் தமிழ்ப்புலவர் கிடைத்தது போல, இன்று பொருளியலுக்கும் வணிகவியலுக்கும் ஊரிலேயே ஆள் உண்டு. அவர்களுக்கு அமர்வுக் கணக்கில் ஊதியம் தராமல், ஆளுக்கு இருபது அல்லது இருபத்தைந்து மாணவர்களை ஒப்படைத்து, அந்த மாணவர்களின் தாள்களைக் குறிப்பெழுதித் திருப்புவதற்கும் வராதவரை விசாரிப்பதற்கும் பொறுப்பாக்கி ஊதியம் தரும் வழக்கத்தை, இவ்வட்டாரத்துக்குப் பட்டம் வழங்கிவரும் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஏற்படுத்தவில்லை.